இரைச்சலுக்கும் மௌனத்துக்கும் நடுவில் ஒரு மச்சான்

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் பத்தாண்டு முடியப்போகும் காலத்தில், மீடியம் வேவ் வானொலியை டிஜிட்டலாக்கிக் கடைத்தேற்றப் போகிறோம் என்று சிலர் புறப்பட்டார்கள். தன்னைக் கடைத்தேற்றும்படி மீடியம் வேவ் யாருக்கும் மனுப் போட்டதாக எனக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் கரகரத்துக்கொண்டு, இடி இடித்தால் கொஞ்சம் துள்ளிக்கொண்டு, இரண்டு பேட்டரிக் கட்டையை மாதக் கணக்கில் சப்பிக்கொண்டு, மலைமேல் இருந்தவர்களுக்கு மிளகு விலையும் மழை நிலவரமும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிற ஒன்றைக் கண்டால் சில பேருக்குக் கை அரிக்கும். அந்த அரிப்புக்கு அந்த வருடம் வைத்த பெயர் தொழில்நுட்பம்.

நான் அப்போது கொல்லிமலையில், பெரக்கரை நாட்டில் குடியிருந்தேன். மலையில் சில ஊர்கள் சேர்ந்தாலே அது ஒரு நாடு. சேலத்தில் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகம் என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டதும், மலையில் ஒரு துண்டு நிலம் வாங்கி மிளகு போட்டேன். போட்டேன் என்பது பேச்சுக்குச் சொல்வது. குழி தோண்டியவர் வேறு, கொடி கட்டியவர் வேறு. நான் போட்டது பத்திரத்தில் கையெழுத்து. மிச்ச நேரத்தில் புத்தகம் படித்தேன். எப்போதாவது சமவெளியில் இருந்த ஒரு வானொலி நிலையத்துக்குப் போய் நகைச்சுவைப் பேச்சு பேசிவிட்டு வருவேன். அது நகைச்சுவை என்பதை நிலையத்தார் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அறிவிக்காவிட்டால் கேட்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அப்படிப் போன ஒரு நாளில்தான் நிலையத்துப் பொறியாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேசைமேல் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். மூடி வைத்த டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

“டிஜிட்டல் ரிசீவர் சார். சோதனை ஒலிபரப்பு ஆரம்பிச்சிருக்கோம். மலையில எப்படி எடுக்குதுன்னு பார்த்துச் சொல்லணும். உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க சொன்னாத்தான் மதிப்பு.”

விஷயம் தெரிந்தவர் என்று யாராவது சொல்லிவிட்டால், விஷயம் தெரியாதவன் அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டான். நான் கேட்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பக்கத்துச் சீட்டுக்காரர் வாந்தி எடுத்துவிடாமல் அதைக் காப்பாற்றி மேலே கொண்டு வந்தேன்.

பொறியாளர் விளக்கிய ஏற்பாடு கேட்க அழகாக இருந்தது. பழைய ஒலிபரப்பு பழைய இடத்திலேயே போகும். அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல டிஜிட்டலும் போகும். பழைய பெட்டிக்காரர் பழையதைக் கேட்கலாம், புதுப் பெட்டிக்காரர் புதியதைக் கேட்கலாம், ஒருவருக்கு ஒருவர் தொந்தரவில்லை. நடந்தது வேறு. ஒரே பாயில் இரண்டு பேரைப் படுக்க வைத்தால், புதிதாக வந்து படுக்கிறவர் காலை அகட்டிப் போட்டுத் தூங்குகிற ஆளாக இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. மலையில் இருந்த எல்லாப் பழைய ரேடியோக்களிலும், நிலையத்தின் குரலோடு சேர்ந்து ஒரு சீறல் வர ஆரம்பித்தது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சத்தம். கல்லில் தெளித்தது உடனே அடங்கும். இது ஒலிபரப்பு முடிகிறவரை அடங்காது.

மலை வீடுகளில் ரேடியோவுக்கு ஒரு முகம் உண்டு. ஒருவர் வீட்டில் அது கிழக்கே பார்த்து உட்கார்ந்தால்தான் எடுக்கும், அடுத்த வீட்டில் ஒருக்களித்துப் படுத்தால்தான் எடுக்கும். குரல் மெலிந்தால் கைபோன போக்கில் அரைவட்டம் திருப்பி வைப்பார்கள், சரியாகிவிடும். சீறலுக்கு அந்த வைத்தியம் பலிக்கவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கூடவே திரும்பியது. என் புதுப் பெட்டியின் சுகம் மற்றவர்களுடைய பழைய பெட்டியின் சீக்கு என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அந்தச் சுகத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை முடுக்கினால் உடனே பேசாது. பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்க வைப்பதுபோல நம்மைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு, பிறகுதான் வாயைத் திறக்கும். மணி சொல்லும் ‘பிப்’ ஒலி, பக்கத்து வீட்டுப் பழைய ரேடியோவில் ஒலித்து முடிந்து செய்தியே ஆரம்பித்தபின் இதில் நிதானமாக ஒலிக்கும். நேரம் அறிவிக்கிற கருவி நேரம் கழித்து வருவதை அதற்கு முன் நான் எங்கள் பஸ்ஸில் மட்டும்தான் பார்த்திருந்தேன். பேட்டரியை அது சப்பவில்லை, மென்று விழுங்கியது. ஒரு சாயங்காலம் கேட்டால் வயிறு சுடும், அதன் வயிறும் பேட்டரி வாங்குகிற என் வயிறும். முன்பக்கத்துச் சின்னத் திரையில் நிலையத்தின் பெயர் எழுத்தாக ஓடும். நான் எந்த நிலையத்தைக் கேட்கிறேன் என்பதை மறந்துவிடக்கூடிய ஆள் என்று அதைச் செய்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

இதெல்லாம் பொறுத்துப் போகலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. பழைய ரேடியோவில் அலை குறைந்தால் குரல் மெலியும், தூரத்துக்குப் போகும், மறுபடி வரும். பாதிச் சொல் கேட்டால் மீதியைக் காது போட்டுக்கொள்ளும். டிஜிட்டலுக்கு அந்த நாகரிகம் கிடையாது. அலை போதுமென்றால் முழு விருந்து. ஒரு சிட்டிகை குறைந்தால் ஊறுகாய்கூட வைக்காமல் இலையையே எடுத்துக்கொண்டு போய்விடும். கூழ் ஊற்று, மோர் ஊற்று, இருக்கிறதைக் கொடு என்று கெஞ்ச முடியாது. மௌனம். அவ்வளவுதான்.

அந்த மௌனம் ஒருநாள் சரியான இடம் பார்த்து விழுந்தது.

என் நிலத்துக்குக் கீழே, ஓடை தாண்டி, ஒரு மிளகுக்காரர் இருந்தார். பிறந்ததிலிருந்து மலையில் இருப்பவர். அவருடைய கொடிகள் சில்வர் ஓக் மரங்களின் கழுத்துவரை ஏறிச் சரம் சரமாகக் காய்த்துத் தொங்கும். என்னுடையவை மரத்தின் முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும். அவருடைய மூத்த பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை, பந்தல், சமையல் எல்லாம் பேசியாயிற்று. தாய்மாமன்தான் பேசப்படவில்லை.

தாய்மாமன் என்பவர் மிளகுக்காரர் மனைவியின் அண்ணன். திண்ணனூர் நாட்டில் இருந்தார். அவர் வந்து சீலை கொடுத்து, பெண்ணின் கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டி வராமல் அந்த வீட்டில் கல்யாணம் நடக்காது. மச்சான்கள் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு நின்றிருந்தது. காரணம் ஒரு மிளகுக் கொடி. தோட்டத்துக்கே தாயாக இருந்த முதல் கொடியைத் திண்ணனூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது தான்தான் என்று அண்ணன் ஒரு விருந்தில் சொல்ல, மிளகுக்காரர் அன்றைக்குக் கொஞ்சம் உற்சாகத்தில் இருந்ததால், “மலையில இருக்கற கொடியெல்லாம் மலையோடது, இதுல ஒங்க ஊடென்ன எங்க ஊடென்ன” என்று கேட்டுவிட்டார். அண்ணன் பாதி இலையில் எழுந்துபோனார். அதோடு சரி.

இவர்களிடம் பேச்சு நின்றால் அதற்கு முறை இருக்கிறது. முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர். மனைவி போய்ச் சமாதானம் சொன்னால் செல்லாது. “பொம்பள சமாதானத்துக்கு என்ன வேணா சொல்லும், அது அவரு சொன்னதாகாது” என்று அண்ணன் ஏற்கெனவே தங்கையைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஆனால் ஒரு வாசல் திறந்தே இருக்கும். நேராகப் பேசாமல், மாட்டைப் பார்த்தோ மரத்தைப் பார்த்தோ ஊருக்குப் பொதுவாகவோ ஒன்றைச் சொல்லி, அது எதிராளியின் காதில் விழுந்தால், யாரும் யாரிடமும் பேசியதாகக் கணக்கில்லை. மானம் மானமாகவே இருக்கும், சேதியும் போய்விடும். உலகத்தில் தூதரகங்கள் வைத்துச் செய்கிற வேலையை இங்கே ஒரு பசுமாடு செய்துகொண்டிருந்தது.

நிலையத்திலிருந்து விவசாய நிகழ்ச்சிக்காக ஜீப்பில் வந்து மிளகுக்காரரைப் பேட்டி எடுத்துப் போனபோது, அவருக்கு மாட்டைவிடப் பெரிய மாடு கிடைத்துவிட்டது. கொடியைத் தந்தது மச்சான்தான் என்று மைக்கில் சொல்லிவிட்டார். ரேடியோவில் சொன்னது மச்சானிடம் சொன்னதாகாது, ஊருக்குச் சொன்னது. அதே சமயம் அவர் வாயால் சொன்னது. இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மச்சான் அதைக் கேட்க வேண்டும்.

சேந்தமங்கலத்திலிருந்து மேலே வந்து நாடு நாடாக மிளகு வாங்குகிற பாய் ஒருவர் உண்டு. பேட்டி ஒலிபரப்பாகிற நாளைத் திண்ணனூர்க்காரர்கள் காதில் போட்டுவைக்கும்படி மிளகுக்காரர் அவரிடம் சொன்னபோது நானும் களத்தில் இருந்தேன்.

“மச்சாங்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க பாய். சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி நல்லாருக்குமாம்னு பொதுவுல சொல்லுங்க.”

“ஏனுங்க, அதுக்கு நேராப் போயி மச்சான் வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லீட்டா என்னங்க? பஸ்ஸுதான் போகுதே.”

“அது பேச்சாயிருமுங்க.”

“இப்பப் பேட்டியில பேசியிருக்கறது?”

“இது ரேடியோங்க.”

பாய் என்னைப் பார்த்தார். நான் விஷயம் தெரிந்தவன் என்ற முறையில் தலையாட்டினேன். அத்தோடு நிற்காமல், ஒலிபரப்பை என் வீட்டு வாசலில் என் டிஜிட்டல் பெட்டியில் எல்லோரும் கேட்கலாம், கரகரப்பே இருக்காது, கண்ணாடி போலக் கேட்கும் என்றும் அறிவித்தேன். நகைச்சுவைப் பேச்சுக்காரன் சிரிக்காமல் சொல்கிற சொல்லை யாரும் நம்பக்கூடாது. நம்பினார்கள்.

ஒலிபரப்பு நாளன்று சாயங்காலம் மிளகுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். மனைவியும் அக்கம்பக்கத்தவர்களும் வந்தார்கள். ஒரு பாதுகாப்புக்காக மிளகுக்காரர் தன் பழைய ரேடியோவையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அதை முடுக்கியதும் சீறியது. வழக்கம்போல அரைவட்டம் திருப்பினார், முழுவட்டம் திருப்பினார், தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். சீறலுக்கு அடியில், கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுவதுபோல அறிவிப்பாளர் எங்கோ பேசிக்கொண்டிருந்தார்.

“வெச்சிருங்க, இதுல கேளுங்க” என்று என் பெட்டியை முடுக்கினேன். காக்க வைத்துவிட்டுப் பேசியது. உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதமாகப் பேசியது. அறிவிப்பாளர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. பேட்டி ஆரம்பித்ததும் பின்னணியில் ஒரு சேவல் கூவியது.

“அய்யோ, நம்ம சேவலுங்க!” என்றார் மிளகுக்காரரின் மனைவி. “பக்கத்துல நின்னு கூவற மாதிரியே இருக்குது.”

நானே அந்தச் சேவலைப் பெற்றெடுத்தது போன்ற அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். குழி எடுக்கும் ஆழம் பற்றி மிளகுக்காரர் சொன்னார். வாடல் நோய் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து வைத்ததுபோல வந்தது. மேற்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

பொழுது சாயும்போது மீடியம் வேவுக்குக் கொஞ்சம் கிறக்கம் வரும். அதன் பிறவிக் குணம் அது. சிறிது நேரம் தளர்ந்து, தானே எழுந்து நடக்கும். பழைய ரேடியோக்காரர்கள் அதைப் பொறுத்துப் பழகியவர்கள்.

“இவ்வளவு நல்ல கொடி உங்களுக்கு எங்கே கிடைத்தது?” என்று பெட்டிக்குள் கேட்டார் பேட்டி எடுத்தவர்.

“அதுங்க, இந்தக் கொடி வந்துங்க, எங்க மச்சான்...”

மௌனம்.

சின்னத் திரையில் நிலையத்தின் பெயர் மறைந்து, தேடிக்கொண்டிருப்பதாக ஒரு வரி ஓடியது. என்னத்தைத் தேடியதோ. மிளகுக்காரர் பாய்ந்துபோய்த் தன் ரேடியோவை எடுத்துக் காதில் வைத்தார். அங்கே சீறல் பொங்கி வழிந்தது, அடியில் இருந்த குரலும் மூழ்கிப்போனது. ஒரு பெட்டியில் ஒன்றுமில்லை, ஒரு பெட்டியில் ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் தன் குரலைத் தானே கேட்க முடியாமல் வெள்ளைச் சட்டையோடு நின்றார்.

என் பெட்டி பேச்சுக்குத் திரும்பியபோது, மறுபடி எச்சில் விழுங்கும் துல்லியத்தோடு, “நன்றி, வணக்கம்” என்றது. அதன்பின் தழைச்சத்து பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தார். தழைச்சத்து கடைசிவரை ஒரு சொல் விடாமல் கேட்டது.

“ஏனுங்க சார்,” என்றார் மிளகுக்காரர் மெதுவாக, “அத மட்டும் எடுத்துட்டாங்களா?”

“எடுக்கலைங்க. நிலையத்துல போட்டுத்தான் இருப்பாங்க. பெட்டிக்கு எட்டலை.”

“முன்னாடி சொன்னது எட்டுச்சு, பின்னாடி சொன்னதும் எட்டுச்சு. அது மட்டும் எப்படிங்க எட்டாம போவும்?”

நல்ல கேள்வி. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய்த் தொலைபேசியில் பொறியாளரிடம் அதையே கேட்டேன்.

“சிக்னல் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும் சார். டிஜிட்டல்ல அப்படித்தான், கட் ஆயிரும். இருக்கற வரைக்கும் குவாலிட்டி எப்படி?”

“சேவல் நல்லாக் கூவிச்சுங்க.”

“அதான் சார் டிஜிட்டல்! அந்த டெப்த் பழசுல வராது.”

“பழைய செட்டுல எல்லாம் ஒரே இரைச்சலா இருக்குது. பாதி மலைக்கு ஒண்ணும் விளங்கலை.”

“அவங்களும் புது ரிசீவருக்கு மாறிருவாங்க சார்.”

“எங்க கிடைக்குது அது?”

“இன்னும் கடைக்கு வரலை.”

கடைக்கு வராத பெட்டிக்கு மாறும்வரை, இருக்கிற பெட்டியைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பாலம் கட்டப்போகிறோம் என்று பரிசலை உடைத்த கதை. கடைசியில் பொறியாளர் வருத்தத்தோடு ஒன்று சொன்னார். “மலைதான் சார் குறுக்க நிக்குது.” மலை அங்கே புதிதாகக் குடிவந்ததுபோல.

சில நாள் கழித்துப் பாய் மிளகு மூட்டை கட்ட வந்தார். மிளகுக்காரரின் களத்தில் காயப்போட்டிருந்ததைக் காலால் அளைந்துகொண்டே, “திண்ணனூர்ல பெரிய பேச்சா இருக்குதுங்க” என்றார்.

“கேட்டாரா மச்சான்?” மிளகுக்காரர் எழுந்துவிட்டார்.

“ஊரே கேட்டுதுங்க. நான்தான் போற எடமெல்லாம் சொல்லீட்டு வந்தனே. இரைச்சல்தான், இருந்தாலும் காதக் குடுத்துக் கேட்டிருக்காங்க. கொடின்னீங்களாம், மச்சான்னீங்களாம். ஒடனே சர்ருனு பெருஞ்சத்தமாம்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னங்க. நீங்க கெட்ட வார்த்த பேசியிருப்பீங்க, அது வெளிய கேக்கக்கூடாதுன்னு ரேடியோக்காரங்க சத்தத்தப் போட்டு மூடிட்டாங்கன்னு முடிவு பண்ணீட்டாங்க. என்ன வார்த்தையா இருக்கும்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஒண்ணு ரெண்டு எனக்கே புதுசுங்க.”

மிளகுக்காரரின் மனைவி தலையில் கைவைத்துக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ, அந்த அவமானத்திலும், அவர்கள் யோசித்த விதத்தின்மேல் ஒரு மரியாதை வந்தது. ஒரு மனிதன் முக்கியமான சொல்லைச் சொல்லும்போது இவ்வளவு பெரிய நிறுவனம் அதை விட்டுவிடுமா என்ன? வேண்டுமென்று செய்தால்தான் உண்டு. தொழில்நுட்பத்தின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையில் கால்வாசிகூட அதைச் செய்தவர்களுக்கு இருந்திருக்காது.

அண்ணன் அடுத்த வாரமே வந்தார். நான் களத்தில், மிளகுக்காரரிடம் என் கொடிகளின் சோம்பலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மேட்டுப் பாதையில் உயரமான ஒரு மனிதர், தோளில் துண்டும் கையில் குடையுமாக இறங்கி வந்து, களத்து ஓரத்தில் நின்றார். களத்துக்குள் கால் வைக்கவில்லை.

“வாண்ணா” என்று ஓடினார் தங்கை.

“வரலே. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, நீங்கதானே ரேடியோவுல பேசறவரு? அவரு என்னப் பத்தி என்ன வைதாருன்னு கேட்டுச் சொல்லுங்க.”

அவருக்கும் மிளகுக்காரருக்கும் நடுவில் ஒரு சாக்கு விரிக்கிற அளவு இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் நான் இருந்தேன்.

“என்ன வைதீங்கன்னு கேக்கறாரு” என்றேன் மிளகுக்காரரிடம்.

“வையலேன்னு சொல்லுங்க சார். சொல்லவேண்டியத ரேடியோவுல சொல்லீட்டேன்னும் சொல்லுங்க.”

“வையலையாம். ரேடியோவுல சொல்லீட்டாராம்.”

“ரேடியோவுல இரைச்சல்தான் வந்துச்சுன்னு சொல்லுங்க.”

சொன்னேன். மீடியம் வேவின் வேலை எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. பொறுக்க முடியாமல், ஒலிபரப்புக்கு வெளியே சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்தேன். “கொடி குடுத்தது நீங்கதான்னு சொன்னாருங்க, நல்லவிதமாத்தான் சொன்னாரு.”

“நீங்க கேட்டீங்களா?”

“என் பெட்டி அந்த எடத்துல நின்னுபோச்சுங்க.”

“புதுப் பெட்டின்னாங்களே?”

“புதுசுதாங்க.”

“என்னோடது எங்கப்பன் வாங்குனது. இரைச்சலாவது வந்துச்சு” என்றார். என்னை அதற்குமேல் திட்டத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு, “இவரு சொல்றது, எந்தங்கச்சி சொல்றது எதுவும் வேண்டாம். அவரு வாயில வரட்டும்” என்று வானத்துக்குப் பொதுவாகச் சொன்னார்.

மிளகுக்காரரின் கணக்கு வேறு. ஒருமுறை ரேடியோவில் சொல்லியாயிற்று. நேருக்கு நேர் சொன்னால் அது பேச்சு. பேச்சென்றால் தோல்வி. அண்ணன் குடையைக் கை மாற்றிக்கொண்டார். கிளம்புகிற கை மாற்றம் அது. அவர் அந்த மேட்டைத் திரும்ப ஏறிவிட்டால் வைகாசிக் கல்யாணம் அவரோடு ஏறிப் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

“நில்லுண்ணா” என்றார் தங்கை. குரலில் கெஞ்சல் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. “நேருல பேசுனா பேசக்கூடாது, ரேடியோவுல பேசுனாப் பேசலாம். அப்படித்தானே? அப்ப ரேடியோ மாதிரியே பேசித் தொலைங்க! சார், நீங்க கேள்வி கேளுங்க. அன்னிக்கி வந்தவங்க கேட்டாப்புலயே கேளுங்க. அண்ணா, நீ அந்தப் பக்கம் பாத்து ஒக்காரு. ரேடியோ கேக்கறவன் மூஞ்சியவா பாத்துட்டுக் கேக்கறான்?”

உள்ளே போய், அரிசி அளக்கிற படியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மைக்.

அண்ணன் யோசித்தார். முறையில் எங்கும் ஓட்டை தென்படவில்லை போலும். துண்டை உதறிக் களத்து வரப்பில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, ஓடையைப் பார்த்து உட்கார்ந்தார்.

என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே நேரடி ஒலிபரப்பு அது. “வணக்கம். இன்றைய நிகழ்ச்சியில், மிளகுச் சாகுபடியில் சிறந்து விளங்கும் ஒரு விவசாயியைச் சந்திக்கிறோம்” என்று நிலையத்துத் தமிழில் ஆரம்பித்து, படியை மிளகுக்காரரின் வாய்க்கு நேரே நீட்டினேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “வணக்கமுங்க” என்றார்.

“குழி எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும்?”

சொன்னார். அன்றைக்குச் சொன்னதையே, அதே ஏற்ற இறக்கத்தோடு. வாடல் நோயையும் விடாமல் கேட்டேன். சுருக்கமாக முடித்திருக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் கொடியைக் கேட்டால் அது நிகழ்ச்சியாக இருக்காது, பஞ்சாயத்தாகிவிடும். வரப்பில் இருந்த முதுகு அசையவில்லை.

“இவ்வளவு நல்ல கொடி உங்களுக்கு எங்கே கிடைத்தது?”

மிளகுக்காரர் தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை நடுவில் ஆகாயம் இல்லை, அலை இல்லை, திரையில் தேடுகிற எழுத்து இல்லை. இருந்தது ஒரு படி.

“அதுங்க, இந்தக் கொடி வந்துங்க, எங்க மச்சான் குடுத்தது. திண்ணனூர்ல இருந்து தலையில வெச்சு, நடந்தே கொண்டாந்து குடுத்தாருங்க. அதுல இருந்து வந்ததுதான் இந்தத் தோட்டமே. நான்தான் நடுவுல அத மறந்தாப்புல இருந்துட்டனுங்க.”

அடுத்த கேள்வி என்ன என்பது எனக்கு மறந்துவிட்டது.

“தலையில இல்ல” என்றது முதுகு. “தோள்ல.”

“தலையிலதான்” என்றார் மிளகுக்காரர். “சும்மாடு கட்டியிருந்தே, எனக்கு நல்லா நெனவிருக்குது.”

அண்ணன் திரும்பிவிட்டார். “சும்மாடு பலாப்பழத்துக்கு. கொடி தோள்ல கெடந்துது.”

“பலாப்பழம் வேற நாளு.”

“ரெண்டும் ஒரே நாளு மாப்ள! எறக்கி வெக்கறப்பக் காலு மேல போட்டுக்கிட்டு நொண்டுனயே, அந்த நாளு!”

படியை இன்னும் நீட்டிக்கொண்டுதான் நின்றேன். இருவரும் அதன் இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். முதலில் வாய் திறந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. முறையின்படி பார்த்தால் ஒருவரும் இன்னும் பேசவில்லை. மாப்ள என்ற சொல்லை மட்டும் தங்கை கேட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மூக்கைச் சிந்தினார்.

பலாப்பழம் தீர்கிற வழக்காக இல்லை. அதை அப்படியே வைத்துவிட்டு, அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “புள்ளைக்கு என்ன நெறத்துல சீலை எடுக்கறது?”

“என்னயக் கேட்டா?” என்றார் மிளகுக்காரர். “ஊட்டுக்குள்ளதான் இருக்குது, போயிக் கேளு.”

அண்ணன் குனிந்து வீட்டுக்குள் போனார். “கண்ணு, எங்க சாமி இருக்கறே?” என்று உள்ளே அவர் குரல் கேட்டது. மிளகுக்காரரும் பின்னாலேயே போனார். நான் களத்தில் நின்றேன். நிகழ்ச்சியை முறைப்படி முடித்துவைக்க ஒரு வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. கேட்க ஆள்தான் இல்லை.

தங்கை வாசலுக்கு வந்து கையை நீட்டினார்.

“படியக் குடுங்க சார். ஒல கொதிக்குது.”